மழைக்கும் மலைக்கும் ஒரு பழைய சுபாரு

"பாலிக் பூலாவில் பனியா கொட்டுது? நாலு சக்கரமும் இழுக்கிற கார் உனக்கு எதுக்கு?"

இந்த வண்டியை வாங்கியதிலிருந்து வேலை இடத்தில், கல்யாண வீட்டில், பெட்ரோல் நிலையத்தில் என்று எல்லா இடத்திலும் இதே கேள்விதான். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அக்டோபர் மழையில், விடியாத நேரத்தில், துன் சர்டோன் சாலையில் ஏறி இறங்கியதில்லை. எனக்கு அது அன்றாட வழி. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. வீடோ மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவில்.

துன் சர்டோனைத் தெரியாதவர்களுக்கு: பாலிக் பூலாவிலிருந்து பாயா தெருபோங் பக்கம் இறங்கும் மலைச்சாலை அது. நடுவில் தடுப்பு கிடையாது. வளைவுக்கு மேல் வளைவு. மழை விட்ட பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கும். மேட்டிலிருந்து செம்மண் வழிந்து சாலையின் ஓரத்தில் படிந்திருக்கும், அதன் மேல் இலைகள் ஒட்டிக் கிடக்கும். ஜூன், ஜூலை ஆனால் டுரியான் பழக் கடைக்காக வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள், மற்ற நாள்களில் குரங்குகள். முன்பு நான் வைத்திருந்தது முன் சக்கரம் மட்டும் இழுக்கும் சின்னக் கார். ஈரமான ஏற்றத்தில், வளைவுக்கு நடுவில், முன்னால் போகும் லோரிக்குப் பின்னால் நின்று மறுபடி கிளப்பும்போது அதன் உள்பக்கச் சக்கரம் சுற்றும், வண்டி ஏறாது. பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். அப்போதுதான் இந்த யோசனையே வந்தது.

நான் வாங்கியது 2013ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா செடான். 2.0 லிட்டர் எஞ்சின், சிவிடி கியர் (படிப்படியாக இல்லாமல் தொடர்ந்து மாறும் தானியங்கி வகை). விலை முப்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் கீழே.

முதலில் நாலு சக்கர இழுவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஆளாளுக்கு ஒரு கற்பனை வைத்திருக்கிறார்கள். பல கார்களில் முன் சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின் சக்கரத்துக்கு விசை போகும். இந்த வண்டியில் அப்படி இல்லை. சாதாரணமாக ஓடும்போதே ஏறக்குறைய அறுபது பங்கு முன்னுக்கும் நாற்பது பங்கு பின்னுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கியர் பெட்டிக்குள் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச், பெடலை எவ்வளவு மிதிக்கிறோம், எந்தச் சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதையெல்லாம் பார்த்து அந்தப் பங்கைக் கூட்டிக் குறைக்கும். ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் அருமை. ஏற்றத்து வளைவில் நின்று கிளப்பினால் சும்மா ஏறிப் போகிறது. டேஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மினுக்குவதுகூட அபூர்வம்.

ஆனால் இறக்கத்தில் இது உங்களைக் காப்பாற்றாது. எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் என் வண்டிக்கும் பக்கத்து வீட்டு டொயோட்டா வியோஸுக்கும் வித்தியாசம் இல்லை. நனைந்த சாலையில் நிற்பது டயரைப் பொறுத்தது. டயர் தேய்ந்த சுபாருவைவிட நல்ல டயர் போட்ட சின்ன பெரோடுவா மைவி சீக்கிரம் நிற்கும். இன்னும் சொல்லப்போனால் இந்த வண்டியில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஏறும்போது வழுக்கவே வழுக்காததால் சாலை எவ்வளவு ஈரம் என்பதே மறந்துபோகிறது. இறங்கும்போது அந்த நம்பிக்கையோடு இறங்கக்கூடாது. நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும், விரலால் கியரைக் குறைக்கும் பேடலைத் தட்டி எஞ்சினை இழுத்துப் பிடிக்க வைத்துத்தான் இறங்குகிறேன். லோரி ஓட்டிய மனிதரின் மகள், அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம்.

வெள்ளமும் அப்படித்தான். செடானின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை, 145 மில்லிமீட்டர். இதே குடும்பத்தில் உயரமான எக்ஸ்வி 220 மில்லிமீட்டர். சுபாருதானே என்று ஜாலான் பி. ராம்லி தண்ணீரில் இறக்கினால் அது படகாகிவிடாது.

சரி, வாங்கிய கதைக்கு வருவோம்.

ஆரம்பத்தில் என் கண் சுபாருவின் இன்னொரு மாடலான லெகசி 2.5 மேல்தான் இருந்தது. பெரிய கார், மெத்தென்ற சவாரி, பழைய விலை இம்ப்ரெசாவுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் ரோட் டேக்ஸ் கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. நம் நாட்டில் 2,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை 380 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. 2.5 எஞ்சினுக்கு அது 800ஐத் தாண்டிவிடும். இம்ப்ரெசாவின் 1,995 சிசிக்கு 377 வெள்ளி 50 காசு. ஆறு சிசி கூடியிருந்தால் அடுத்த படிக்குப் போயிருக்கும். பழைய 1.5 லிட்டர் காருக்கு நான் கட்டியது 90 வெள்ளிதான் என்பதை நினைத்தால் இதுவே வயிற்றைக் கலக்கும், ஆனாலும் தாங்கிக்கொள்ளலாம்.

எஞ்சினிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய லெகசி, பழைய இம்ப்ரெசாக்களில் வந்த ஈஜே வகை எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். காலம் வந்தால் மாற்றியே ஆகவேண்டும். அதிலும் 2.5 லிட்டருக்கு ஹெட் கேஸ்கெட் பெயர் கெட்டது. என் வண்டியில் இருப்பது அதற்கடுத்து வந்த எஃப்பி வகை, டைமிங் செயின். அதற்காக இதில் குறையே இல்லை என்று இல்லை. ஆரம்ப கால எஃப்பி எஞ்சின்கள் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கின்றன என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2016இல் உத்தரவாதத்தை நீட்டித்துச் சமரசம் ஆனது. அங்கே அந்த வழக்கில் இருந்த இம்ப்ரெசாக்கள் கைக் கியர் வண்டிகள். இருந்தாலும் பழைய வண்டி வாங்குகிறவர் எண்ணெய் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது. என் வண்டியில் அளவு பெரிதாக இறங்குவதில்லை. ஆனாலும் வண்டியின் பின்பெட்டியில் ஒரு போத்தல் 0டபிள்யூ-20 எண்ணெய் எப்போதும் கிடக்கும்.

முதலில் பார்க்கப் போனது தீவிலேயே ஒரு பழைய கார் கடை. பெயர் வேண்டாம். வண்டி பளபளவென்று இருந்தது. இருக்கையில் உட்கார்ந்ததும் ஏதோ ஒரு வாசனை, அதற்கு மேல் எலுமிச்சை வாசனை. அப்பா ஒன்றும் பேசாமல் பின் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெளியே தெரிகிற பகுதி கறுப்பு. உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழம் பழுப்பு. ஒரு கோடு போட்ட மாதிரி நிறம் மாறியிருந்தது. இருக்கைக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் விரலை விட்டுத் தேய்த்தார், துரு ஒட்டிக்கொண்டது. "வாம்மா, டீ குடிக்கப் போவோம்" என்றார். அவ்வளவுதான், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்று புரிந்துவிட்டது. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியதையும் பார்த்த நாட்டில் பழைய கார் வாங்குகிறவர் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே வண்டியில் இன்னொன்றும் கவனித்தேன்: நாலு டயரும் நாலு பிராண்ட். அது ஏன் மோசம் என்று கீழே சொல்கிறேன்.

கடைசியில் கிடைத்தது புக்கிட் மெர்தாஜாமில், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம். சர்வீஸ் புத்தகம் முழுசாக இருந்தது, ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். "அங்கிள், ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டேன். "குனிஞ்சு ஏற முடியலம்மா, முழங்கால் வலிக்குது" என்றார். தாதியிடம் சொல்லும் காரணமா இது! விலை பேசுவதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த மாதிரி வண்டிக்கு ஒரு சோதனை இருக்கிறது, சாதாரணக் கார் வாங்குகிறவர்கள் செய்வதில்லை. காலியான கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடித்து, பெடலைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக வட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். நல்ல வண்டி தடையில்லாமல் சுற்றும். யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி தயங்கினாலோ, விட்டு விட்டுக் குதித்தாலோ, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் விடவேண்டிய நேரத்தில் விடவில்லை என்று அர்த்தம். அது கியர் பெட்டி வேலை, ஆயிரக்கணக்கில் போகும். அங்கிளின் வண்டி அழகாகச் சுற்றியது. காலையில் எஞ்சினைத் தொடாமல் வைத்திருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது புகை, சத்தம் இரண்டும் இல்லை.

புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, பிறகு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் இருவரும் கைரேகை வைத்துப் பெயர் மாற்றம். இங்கே ஒன்று சொல்லவேண்டும். பி5 தேறிவிட்டது என்பதை "வண்டி நல்ல வண்டி" என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் ஒத்துப்போகிறதா, கண்ணாடி டின்ட் சட்டப்படி இருக்கிறதா, இந்த மாதிரி சோதனை அது. கியர் பெட்டியின் ஆயுளை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக்குக் காசு கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிகள் இவ்வளவு பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. சேமிப்பு பாதி, கோப்பராசி (கூட்டுறவுச் சங்கம்) கடன் பாதி என்று முடித்தேன்.

இப்போது டயர். இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிப்பேன் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ரெலாவ் பக்கம் ஒரு ஆணி, அதுவும் டயரின் பக்கவாட்டில். ஒட்ட முடியாது. பக்கத்தில் இருந்த டயர் கடைக்குத் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் ஒரு புது டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "மற்ற மூன்றும் பாதிதானே தேய்ந்திருக்கு, ஒன்று போதும்." சாதாரணக் காருக்கு இது நல்ல யோசனை. இந்த வண்டிக்கு விஷம். புது டயரும் பாதி தேய்ந்த டயரும் ஒரே அளவு இல்லை; சுற்றளவில் வித்தியாசம் வரும். சின்னச் சக்கரம் அதிக முறை சுற்றும். கார் நேராகப் போகும்போதே நடுவில் இருக்கும் கிளட்ச் 'ஏதோ வழுக்குகிறது' என்று நினைத்து ஓயாமல் வேலை செய்யும், சூடேறும், தேயும். நாலு டயரின் சுற்றளவும் கால் இஞ்சுக்குள், அதாவது ஆறு மில்லிமீட்டர் சொச்சத்துக்குள், ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் சுபாருவின் கணக்கு. நான் இதைச் சொன்னதும் கடைக்காரர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டையாவது மாத்துங்க" என்று இறங்கி வந்தார். கடைசியில் நாலும் மாற்றினேன், ஆயிரத்து முந்நூறு வெள்ளி போனது. நல்ல நிலையில் கழற்றிய மூன்றையும் அவரே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஆக, ஒரு ஆணியின் விலை நாலு டயர். டயர் தேய ஆரம்பிக்கும் முன்பே முன்னும் பின்னும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் நாலும் ஒரே மாதிரி தேயும். ஒவ்வொரு பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் தவறாமல் செய்கிறேன். காற்றும் அப்படித்தான். நாலு பிராண்ட் டயரோடு நிற்கிற நாலு சக்கர இழுவை வண்டியைக் கண்டால், முந்தைய முதலாளி அந்தக் கிளட்சை எத்தனை மாதம் வறுத்தெடுத்தார் என்று யோசியுங்கள்.

இழுவை லாரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வழியில் நின்றுவிட்டால் முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுத்துப் போகிற லாரி வேண்டாம். நாலு சக்கரமும் தரையில் படாமல், மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டை லாரியைக் கேளுங்கள். காப்புறுதி கம்பெனிக்கு அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள்.

பெட்ரோல்? மலையும் ஜார்ஜ்டவுன் ஜாமும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து லிட்டர். பழைய காரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 95 ஊற்றினாலே போதும். 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது மைகார்ட் அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1.99 வெள்ளிக்கு ஊற்றத் தொடங்கியதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பினாங்கு பாலம் வழியாக அக்காவைப் பார்க்க பட்டர்வொர்த் போய் வரும் நாளில் மட்டும் மீட்டர் எட்டுக்குக் கீழே இறங்கும். திரும்பி வர 5 வெள்ளி 74 காசு டோல் இருக்கிறதே, அது வேறு கணக்கு. பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இந்த வண்டி அசையாமல் போவது எனக்குப் பிடித்த ஒன்று. எஞ்சின் படுத்த வாக்கில், தாழ்வாக இருப்பதால் என்று சொல்கிறார்கள். என் சின்னக் கார் லோரியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

படுத்த எஞ்சினுக்கு ஒரு கூலியும் உண்டு. ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு பக்கமும் வண்டியின் சட்டத்தை ஒட்டி ஒளிந்திருக்கின்றன. மற்ற காரில் சீக்கிரம் முடிகிற வேலை இதில் பாதி நாள். என் மெக்கானிக், ஜெலுத்தோங்கில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் சீனர், நான் 'பாஸ்' என்று கூப்பிடுவேன், முதல் முறை பார்த்ததும் பெருமூச்சு விட்டார். ஆனாலும் செய்தார். எல்லாப் பட்டறையும் இந்த வண்டியைத் தொட விரும்புவதில்லை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வண்டியைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். சாமான்கள் கிடைக்கின்றன, ஆனால் வியோஸுக்குக் கிடைப்பது மாதிரி அன்றைக்கே இல்லை. பின் சக்கர பேரிங் இரைந்தபோது (வயதான வண்டி, நம் சாலைக் குழிகள், யாரைக் குறை சொல்ல) மெயின்லாண்டிலிருந்து வரவழைக்கக் காத்திருந்தேன்.

சிவிடி கியரை நான் காதலிக்கவில்லை. 150 குதிரைத்திறன் என்று தாளில் இருக்கிறது. ஏற்றத்தில் முழுசாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்துகிறது, வேகம் சாவகாசமாக வருகிறது. சாந்தமாக ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை இல்லை. இருக்கை வசதி, ஏர்கோன் நன்று, ரேடியோ பழசு. ஜன்னல்கள் பெரியவை, தூண்கள் ஒல்லி, வளைவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் சீக்கிரமே கண்ணில் படுகிறது. துன் சர்டோனில் இதற்கு நான் நிறைய மதிப்பெண் போடுவேன்.

பாயான் பாருவில் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை, நடுவில் சிக்னல்தான் என்றால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். காசு விரயம். ஹோண்டா சிட்டியோ வியோஸோ வாங்கிவிட்டு மிச்சத்தில் நாலு நல்ல டயர் போடுங்கள். தெலுக் கும்பார், பாலிக் பூலாவ், தெலுக் பாஹாங் பக்கம் மலை ஏறி இறங்கிப் பிழைப்பு நடத்துகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு மழையில் திரும்புகிறவர்கள், நீங்கள் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

விற்கும் விலையைப் பற்றிக் கேட்கிறார்கள். விழும். இந்த ஊரில் பேர் தெரியாத வண்டிக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான். அதே காரணத்தால்தான் எனக்கும் முப்பதாயிரத்துக்குக் கீழே கிடைத்தது. இதே வயது, இதே கிலோமீட்டர் ஓடிய ஜப்பான் செடான்களில் பெயர் வாங்கினவற்றுக்கு அங்கிள் சொன்ன விலையைவிட அதிகம் கேட்டார்கள். கியர் பெட்டி எண்ணெய் மாற்றும் நேரம் நெருங்குகிறது, பாஸ் விலை சொல்லியிருக்கிறார். மாற்றிவிட்டு இன்னும் சில வருஷம் ஓட்டுவதாகத்தான் எண்ணம்.